வேலிக்கு அந்தப்புறம் எட்வின்

முதல் நாள் ஏகாம்பரம் ஒரு சுற்று சுற்றி வந்து
வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்
தண்ணீர் கேட்டான்.
"இன்னாமா இது, வேலியா மலையா?"
ஓர் ஆளின் தோளில் இன்னோர் ஆள் நின்ற உயரம்.
அகலம், நான் இரு கையும் விரித்தாலும் மிச்சம்.

அடியில் கிளுவை. அதன்மேல் கோவை.
கோவையின் கழுத்தில் பிரண்டை.
எல்லாவற்றுக்கும் மேலே வேலிப்பருத்தி,
பெயரிலேயே வேலி இருப்பதால்
பட்டா தன்னிடம்தான் என்பதுபோல.

சித்திரையில் துவைகல் பக்கத்தில்
ஒரு பாம்புச்சட்டை கிடந்தது, முழுசாக,
கண் இருந்த இடத்தில் இரண்டு சின்ன மூடிகளோடு.
கருணாகரன் அதைக் குச்சியில் தூக்கிப் பார்த்தார்.
அன்று இரவே சுவருக்குக் கணக்குப் போட்டோம்.
செங்கல், சிமெண்ட், கொத்தனார்.
பாலாறு நடந்து போகிற தூரம்,
மணல் மட்டும் எம்சாண்ட்.

கழிஞ்சூருக்கு வந்து பதினோரு வருஷம்.
அடுத்த வீட்டைக் காதால்தான் தெரியும்.
காலை ஐந்துக்கு ஜெபம். ஆறுக்கு மிக்ஸி.
ராத்திரி காட்பாடியில் ரயில் கூவி ஓய்ந்ததும்
"எட்வின், எங்கடா சுத்துற, வந்து தின்னுட்டுப் போ."
குடிக்கிற பிள்ளையாக இருக்கும் என்று
எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம்.
பாவம் அந்தம்மா என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்,
சாம்பார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில்
நடுவில் ஒரு பெரிய பாகம் சாய்ந்தது.
அறுத்த கிளுவை வாசம் தெருவரை போனது.
புழுதி அடங்கியதும்
வாளியோடு நின்றிருந்தார் தேவகிருபை டீச்சர்,
நான் நினைத்திருந்ததைவிட நல்ல உயரம்.
நான் பழைய நைட்டியில்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தொட்டுச் சரிசெய்தோம்.
அவர் காலடியில், காது கிழிந்த ஒரு செவலைப் பூனை.
"எட்வின், உள்ள போ" என்றார்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
தொடையெலும்புக்குள் கம்பி எப்படித் தெரியும் என்று தெரியும்.
ஆனால் ஒரு கிளுவை அடிமரம்
பழைய முள்கம்பியை நான்கு சுற்று விழுங்கி
மேலே பட்டை மூடி
ஒன்றும் நடக்காததுபோல் நின்றதை
அன்றுதான் பார்த்தேன்.
டில்லியின் ரம்பம் அதில் பல்லை இழந்தது.

மூன்றாம் நாள் வேரை நோண்டினார்கள்.
இரண்டு டென்னிஸ் பந்து, ஒற்றைச் செருப்பு,
மூடியில்லாத மருந்து பாட்டில்.
பாம்பு மட்டும் இல்லை.
ஓணான் ஒன்று, போவதற்கு வேலி இல்லாமல்,
சிமெண்ட் மூட்டைமேல் ஏறித் தலையாட்டியது.
அப்புறம் மண்ணோடு மண்ணாகக் கறுத்துப்போன ஒரு பாலாடை.
டில்லி தன் லுங்கியில் தேய்த்தான்.
வெள்ளி. விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தது:
தே.கி.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
காக்காய் தூக்கியிருக்கும் என்றேன்.
பிள்ளை எறிந்திருக்கும் என்றான் ஏகாம்பரம்.
"இதுக்காகத்தான் பச்சையம்மாவ…" என்று தொடங்கினார்.
முடிக்கவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
அந்தக் குரல் எனக்கு நினைவிருந்தது.
நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு மத்தியானம்,
வேலிக்கு அந்தப்புறம்
"நான் எடுக்கலம்மா, என் புள்ளமேல சத்தியமா எடுக்கல."
நான் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

ஆடி பிறந்து இரண்டு மழை.
கொத்தனார் நாளை நாளை என்கிறார்.
நூல் பிடிக்க நட்ட நான்கு குச்சிகளும்
வெட்டிப்போட்ட கிளுவையிலிருந்து எடுத்தவை.
மூன்றில் தளிர் விட்டிருக்கிறது.
நான்காவதில் எட்வின் முதுகு தேய்க்கிறது.

டீச்சர் அணைக்கட்டுப் பக்கம் இரண்டு முறை போய் வந்தார்.
வீட்டைக் காட்டினார்களாம். பூட்டியிருந்ததாம்.
நேற்று நூலுக்கு அந்தப்புறம் நின்று
இன்னொரு தடவை போகலாம்னு இருக்கேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி இல்லை என்றேன்.